புளியா, எலுமிச்சையா, சாம்பலா? பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்களுக்கு எது சரி

போன வாரம் ஓசூரிலிருந்து தங்கை போன் செய்தாள். அம்மா வீட்டுப் பரணில் இருபது வருஷமாகக் கிடந்த மூட்டையை அவள் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். ஒரு ஜோடி குத்துவிளக்கு, பித்தளை அண்டா, செம்புக் குடம், வெண்கலப் பானை, ஆயாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழ், கருத்துப்போன இரண்டு ஜோடி கொலுசு. கார்த்திகை தீபத்துக்குள் எல்லாவற்றையும் துலக்கிவிட வேண்டுமாம்.

"அக்கா, கடையில பவுடர் வாங்கட்டுமா, இல்ல எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கட்டுமா? பக்கத்து வீட்டு அம்மா சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்டா தேய்க்கவே வேணாங்கறாங்க. நீ புளிதான்னு சொல்லுவ. ஏதாவது ஒண்ணு சொல்லு."

ஒன்றைச் சொல்ல முடியாது. அந்த மூட்டைக்குள் நாலு உலோகம் இருக்கிறது, நாலு விதமான அழுக்கும் இருக்கிறது. பித்தளையைப் பளபளக்க வைக்கிற புளி வெள்ளியின் கருப்பை அசைக்காது. வெள்ளிக்கு ஜாலம் காட்டுகிற சோடா உப்பு அலுமினியத்தைக் கருக்க வைக்கும். போனில் அரைமணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் இந்த மாதம் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் சொல்வது கேட்ட கதை இல்லை, செய்து பார்த்தது. ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும்போது, ஒரே நாளில் வாங்கி ஒரே அலமாரியில் மங்கிப்போன ஆறு சின்னப் பித்தளைக் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். ஒன்றுக்கு ரசம் வைக்கக் கரைத்த புளியின் சக்கை. ஒன்றுக்கு உப்பு தொட்ட எலுமிச்சை மூடி. ஒன்றுக்கு அழுகப்போன தக்காளி. ஒன்றுக்கு நாலு நாள் புளித்த மோர். ஒன்றுக்கு மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த விறகுச் சாம்பலைத் துணியில் சலித்தது. கடைசிக் கிண்ணத்துக்கு எல்லோரும் பீதாம்பரி என்றே பொதுவாகச் சொல்கிற வகைப் பவுடர்.

வேகத்தில் எலுமிச்சைதான் முதல். உப்போடு சேர்த்துத் தேய்த்த இடம் கண்முன்னாலேயே வெளுத்தது. பழுப்பாகவும் கருப்பாகவும் படிந்திருப்பது செம்பின் ஆக்சைடு. அதை எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கரைக்கிறது, உப்பு அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. புளி ஒரு நிமிஷம் பின்தங்கி வந்தது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பவுடரும் ஏறக்குறைய புளியின் வேகம்தான், ஆனால் கை குறைவாக வலித்தது. தக்காளிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. மோர்க் கிண்ணத்தை அரைமணி நேரம் ஊறவிட்ட பிறகுதான் நிறம் மாறியது. சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்தது. மினுமினுப்பும் வந்தது. ஆனால் அடியில் இருந்த கருப்புப் புள்ளிகள் அப்படியே நின்றன.

அன்றைக்கே தீர்ப்புச் சொல்லியிருந்தால் எலுமிச்சைக்குத்தான் கொடுத்திருப்பேன். பத்து நாள் கழித்து அலமாரியைத் திறந்தபோது கதை வேறாக இருந்தது. எலுமிச்சைக் கிண்ணத்தின் விளிம்பு மடிப்பில் பச்சை பூத்திருந்தது. மடிப்புக்குள் தங்கிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துச் செம்பை அரித்ததன் அடையாளம் அது. புளிச் சக்கையில் நான் உப்புப் போடவில்லை. அந்தக் கிண்ணம் லேசாக மங்கியதோடு சரி, மடிப்பு சுத்தமாக இருந்தது.

புளிக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் அதன் பிசுபிசுப்பு. எலுமிச்சைச் சாறு தண்ணீராக வழிந்து ஓடிவிடும். குத்துவிளக்கின் தண்டு நேராக நிற்பது, அதில் சாறு நிற்காது. புளிச் சக்கை மெழுகினதுபோல் ஒட்டிக்கொள்ளும். விளக்கை மரையில் கழற்றி ஐந்து துண்டாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையத்துக்கும் சக்கையை அப்பி, ஐந்து நிமிஷம் விட்டுத் தென்னை நாரால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். முதலில் பழுப்பாக வரும் குழம்பு, பிறகு கரும்பச்சையாக மாறும். அந்த நிறம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வளையங்களுக்கு நடுவில் சுண்டுவிரல் நகம்தான் போகும், நகம் போகாத இடத்துக்குப் பழைய பல் துலக்கி. இதில் செலவே கிடையாது. ரசத்துக்குக் கரைத்த பிறகு தூக்கிப்போடும் சக்கைதானே. நாலு நாள் சக்கையை ஒரு டப்பாவில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு ஜோடி விளக்குக்குப் போதும். உரிகம் என்ற ஊரின் புளிக்குப் பெயர்போன பக்கம் நம்முடையது. மாசி, பங்குனியில் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கிற ஊர்களில், சமையலுக்கு ஆகாமல் கருத்த பழைய புளி ஏதாவது ஒரு பானையில் இருக்கும். நிறம் கருத்தாலும் புளிப்புப் போகாது. துலக்க அதுவே சரியான சரக்கு.

தக்காளியை நான் லேசாக நினைக்கவில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் விலை சரிகிற நாட்களில், பறித்த கூலிக்குக் கூடக் கட்டாது என்று கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். பார்க்கவே வயிறு எரியும். அப்படி நசுங்கியதில் பத்துப் பழம் கிடைத்தால் செம்புக் குடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பழத்தைப் பிழிந்து, ராகி மாவு சலித்த கப்பியைக் கலந்து களிபோல் ஆக்கிக் குடத்தின் வெளிப்புறம் பூசிக் கால்மணி நேரம் விட வேண்டும். கப்பி கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் கீறாது. குடம் போன்ற அகலமான, வேலைப்பாடு இல்லாத பரப்புக்கு இது போதும். சித்திர வேலை உள்ள விளக்குக்குச் சரிவராது. தோலும் கப்பியும் இடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

என் கையால் கெடுத்த விளக்கு ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில், தேய்க்கிற சிரமம் வேண்டாம் என்று ஒரு பித்தளை விளக்கை எலுமிச்சையும் உப்பும் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் எடுத்தால் பொன் நிறம் போய், திட்டுத் திட்டாக ரோஸ் நிறத்தில் செம்புபோல் இருந்தது. கழுவினாலும் போகவில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் முதலில் கரைந்து போய்விடும். கரைந்த செம்பும் திரும்ப மேலேயே படியும். செந்திட்டு அதனால்தான். சலித்த சாம்பலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் பழைய நிறத்தைக் கொண்டுவந்தேன். அதிலிருந்து எனக்கு ஒரே கணக்கு: புளியோ எலுமிச்சையோ, பித்தளை மேல் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முழுசாகப் போகாத கறை இருந்தால் கழுவிவிட்டு இன்னொரு தடவை அப்பலாம். ஊறப்போடுவது மட்டும் வேண்டாம்.

செங்கல் பொடியைப் பற்றி என் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அவர் காலத்தில் அண்டா, குண்டான் எல்லாம் செங்கல் பொடியில்தான் துலக்கினார்கள், பாத்திரங்கள் கனமாகவும் இருந்தன. அந்தப் பொடியில் மணல் இருக்கிறது. மணல் பித்தளையைவிடக் கடினம், தேய்க்கத் தேய்க்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கீறலுக்குள் அழுக்கு சீக்கிரம் உட்காரும், அடுத்த வாரம் மறுபடி தேய்க்க வேண்டி வரும். இப்போது கடையில் வருகிற விளக்குகளின் தகடு மெல்லியது. அதற்குச் செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். கரி ஏறிய அண்டாவின் அடிப்பாகத்துக்கு மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

விளக்கில் இன்னொரு சிக்கல் எண்ணெய். மாதக்கணக்கில் சூட்டில் காய்ந்த எண்ணெய் வார்னிஷ்போல இறுகிப் பிசினாகிவிடும். அதன்மேல் எவ்வளவு புளி அப்பினாலும் அமிலம் உலோகத்தைத் தொடாது. புளி போட்டும் போகவில்லை என்று சொல்கிற பலருக்கு நடப்பது இதுதான். முதலில் வெந்நீரில் பூந்திக்கொட்டைத் தூளோ சீயக்காயோ போட்டுப் பிசினை எடுக்க வேண்டும். சாம்பல் கிடைத்தால் அதுவே நல்லது. விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெயை அறுத்துவிடும். ஓசூர் அடுக்குமாடியில் சாம்பலுக்கு எங்கே போவது? பாத்திரம் கழுவும் சோப்பே போதும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். வீட்டுப் பொருளில்தான் செய்ய வேண்டும் என்று இந்தப் படியில் பிடிவாதம் பிடிப்பதில் பயன் இல்லை.

எலுமிச்சையையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கலந்து நுரைக்க நுரைக்கத் தேய்க்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நுரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போகிறது. மிச்சம் இருப்பது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். ப்ளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையோ வினிகரோ கலப்பது இன்னும் மோசம். குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

இனி வெள்ளி. கொலுசில் ஏறியிருக்கும் கருப்பு ஆக்சைடு இல்லை, வெள்ளியும் காற்றில் உள்ள கந்தகமும் சேர்ந்த சல்பைடு. புளி, எலுமிச்சை, தக்காளி எதற்கும் அது மசியாது. இங்கே போட்டி விபூதிக்கும் அலுமினியத் தாளுக்கும்தான்.

விபூதியால் தேய்ப்பது கருப்புப் படலத்தைச் சுரண்டி எடுக்கிற வேலை. படலமாக மாறிய வெள்ளியும் அதோடு போகிறது. ஒவ்வொரு தடவையும் அணு அணுவாகப் பாத்திரம் தேய்கிறது. அலுமினியத் தாள் முறையில் கருப்பாக மாறிய வெள்ளி மறுபடி வெள்ளியாகவே திரும்புகிறது. கந்தகம் அலுமினியத்தின் பக்கம் போய்விடுகிறது. பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் தாளை விரித்து, கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்ற வேண்டும். அழுகின முட்டை வாடை லேசாக வரும். சில நிமிஷத்தில் கருப்பு போய்விடும். தாளின் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் வேலை நடக்கும். கொலுசு அதைத் தொட வேண்டும் என்பதுதான் முக்கியம். சங்கிலிக் கண்ணிகளுக்குள் எந்தத் துணியும் போகாது, அதனால் கொலுசுக்கு நான் இந்த முறையைத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டு அம்மா சொன்னது சரி.

ஆயாவின் குங்குமச்சிமிழுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அதன் மூடியில் பூவேலை இருக்கிறது. பள்ளத்தில் கருப்பு நின்றால்தான் இதழ் இதழாகத் தெரியும். சோடாத் தண்ணீரில் போட்டால் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகி வேலைப்பாடு செத்துவிடும். மெல்லிய பருத்தித் துணியில் சலித்த விபூதியை ஈரமாகத் தொட்டு, மேட்டை மட்டும் துடைத்தால் போதும். விபூதி வாங்கும்போது இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்க வேண்டும். நெருடினால் வெள்ளிக்கு ஆகாது. கல் பதித்தது, முத்து கோத்தது, எனாமல் பூசியது, வெள்ளி முலாம் பூசியது எதையும் சோடாவில் போடக் கூடாது. பல் பசையும் கீறும், அதையும் விட்டுவிடலாம்.

வெண்கலப் பானைக்குப் புளி போதும், வெண்கலத்தில் செம்போடு சேர்ந்திருப்பது வெள்ளீயம். ஆனால் பித்தளை அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாக ஈயம் பூசியிருந்தால் அங்கே புளியோ நாரோ படக் கூடாது. தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டு எத்தனை வருஷமாகிறது! நவச்சாரம் போட்டு, சூட்டில் துணியால் ஒற்றி ஒற்றிப் பூசிய அந்தப் படலம் மிக மெல்லியது. அது போய்விட்டால் புளிக்குழம்போ மோரோ அந்தப் பாத்திரத்தில் வைக்க முடியாது, செம்பு உணவில் இறங்கும். உட்புறத்துக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் துணியும்தான். ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்கும் அதேதான்.

அலுமினியக் குண்டான் கருத்திருந்தால் எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டால் தெளியும். சாம்பலும் சோடாவும் அதன் பக்கமே போகக் கூடாது. இரும்புத் தோசைக்கல்லில் துரு இருந்தால் புளி எடுக்கும், ஆனால் துடைத்த கையோடு நல்லெண்ணெய் தடவாவிட்டால் மாலைக்குள் மறுபடி துரு நிற்கும். பூஜை அறையில் இருக்கும் பழைய பஞ்சலோக விக்கிரகங்களைப் பளபளக்க வைக்க ஆசைப்பட வேண்டாம். அந்தக் கருமை அவற்றுக்குக் காவல்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படுவது தண்ணீர். அந்த ஆறு கிண்ணங்களையும் அன்றைக்கு எங்கள் போர்வெல் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் புளிக் கிண்ணம், எலுமிச்சைக் கிண்ணம், பவுடர்க் கிண்ணம் மூன்றிலும் ஒரே மாதிரி வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் நடுவில் ஒன்றும் இல்லை, ஓரத்தில் மட்டும் கோலம் போட்டதுபோல் ஒரு சுண்ணாம்பு வளையம். தேய்த்த பொருளைக் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

நம் மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. அதில் புளோரைடும் இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது. பித்தளையில் வட்டம் போடுவது புளோரைடு இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புதான். நான் இப்போது தேய்ப்பதையும் முதல் அலசலையும் போர்வெல் தண்ணீரில் செய்கிறேன். கடைசி அலசலுக்கு ஒரே ஒரு சொம்பு ஒகேனக்கல் தண்ணீர், மழைக்காலமாக இருந்தால் பிடித்துவைத்த மழைத்தண்ணீர். அலசிய உடனே, ஒரு சொட்டும் தானாகக் காய விடாமல், பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவேன். துடைத்த பிறகு உலர்ந்த விபூதியைக் கையில் தொட்டு ஒரு தடவை தேய்த்தால் இடுக்கில் மிஞ்சிய ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். இந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தைச் செய்த விளக்கு ஐந்து வாரம் நின்றது. செய்யாதது, எந்தப் பொருளில் தேய்த்திருந்தாலும், இரண்டாவது வாரமே மங்கியது. எவர்சில்வர்க் குடத்தில் படிகிற வெள்ளைப் படலமும் இதே சுண்ணாம்புதான். அதற்குப் பிழிந்த எலுமிச்சை மூடியே போதும்.

துலக்கிய தண்ணீரைப் பற்றியும் கிராமத்து வீடுகளில் கவனம் வேண்டும். கரும்பச்சையாக வருகிற அந்தப் புளித்தண்ணீரில் இருப்பது கரைந்த செம்பு. வழக்கமாக எல்லாக் கழுவிய தண்ணீரும் போவதுபோல் அதை ஆடு மாடு குடிக்கிற கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். செம்மறி ஆட்டுக்குக் கொஞ்சம் செம்பு கூடினாலே ஆகாது. வாழைக்கும் கருவேப்பிலைக்கும் ஊற்றாமல் சாக்கடையில் விடுவதே நல்லது.

பவுடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை மூட்டு வலி இருப்பவர்களுக்கும், பண்டிகைக்கு இருபது உருப்படி துலக்க வேண்டியவர்களுக்கும் அது பெரிய உதவி. கடையில் வாங்கிய புது விளக்கு, பித்தளை பொம்மைகளின் மேல் நிறம் மங்காமல் இருக்க ஒரு பூச்சு அடித்திருப்பார்கள். அதைப் புளியோ பவுடரோ போட்டுத் தேய்த்தால் பூச்சு பாதி உரிந்து திட்டாகும். ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தங்கைக்கு நான் கடைசியாகச் சொன்னது இது. விளக்கு இரண்டையும் சோப்புப் போட்டு எண்ணெய் எடு, அப்புறம் உப்பில்லாத புளிச் சக்கை, பத்து நிமிஷம். செம்புக் குடத்துக்குத் தக்காளியும் ராகிக் கப்பியும். கொலுசுக்கு அலுமினியத் தாள். சிமிழை என்னிடம் கொண்டு வா, நான் விபூதியில் துடைத்துத் தருகிறேன். அண்டாவின் உள்ளே கை வைக்காதே.

"சரிக்கா. எங்க அபார்ட்மென்ட்ல டேங்கர் தண்ணிதான் வருது, அதுல கடைசியா அலசலாமா?"

"வேணாம்மா. குடிக்கிற கேன் தண்ணியில ஒரு சொம்பு எடுத்துக்க. துணியை முன்னாடியே பக்கத்துல வெச்சுக்க."